மாரத்தான் சார்

கல்யாணப் பத்திரிகையில் ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்று போட்டிருந்தால் எட்டரைக்கு நேரே பந்திக்கு வந்து உட்காருகிறவர் அவர். பட்டறை ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமை சாயங்காலம்தான். வியாபாரிகள் சங்கக் கூட்டம் பத்து மணிக்கென்றால், பத்தரைக்குத்தான் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வார். இப்பேர்ப்பட்ட மனிதர், மூன்று நிமிடம் இருபது விநாடியைக் குறைப்பதற்காக இரண்டு வருஷமாகத் தூக்கம் கெட்டு அலைகிறார்.

பெண்ணாடத்தில் அவருக்கு இப்போது பெயர் மாரத்தான் சார். விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

இந்த இனம் ஊருக்கு ஊர் பெருகிவிட்டது. நாற்பது தாண்டியதும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் ஒன்று வரும். டாக்டர் நடக்கச் சொல்வார். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாகும். அதுவரை ஆபத்தில்லை. யாராவது ஒருவர் கையில் ஜி.பி.எஸ். வாட்சைக் கட்டிவிட்டால் ஆளைத் திருப்பி எடுக்க முடியாது. அரை மாரத்தான் ஒன்றை முடித்தால் போதும் என்று கிளம்பியவர், முடித்த அன்றைக்கே அடுத்த முறை இதைவிடச் சீக்கிரம் என்று சபதம் போடுவார். தான் இதுவரை ஓடியதில் மிகக் குறைந்த நேரத்துக்கு அவர்கள் பாஷையில் பி.பி. என்று பெயர். பஸ் ஸ்டாண்டில் ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர் சாரிடம் அக்கறையாக விசாரித்தார்:

“பி.பி. இப்ப எவ்வளவு இருக்கு?”

“ரெண்டு மூணு இருபது சார். ரெண்டுக்குக் கீழ கொண்டாரணும்.”

“மாத்திரையை விட்டுடாதீங்க” என்றார் தாசில்தார்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஓட வேண்டுமானால் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடிக்கு மேல் இழுக்கக் கூடாது. இந்தக் கணக்கை அவர் தூக்கத்திலும் சொல்வார். 2020-ல் டெல்லி அரை மாரத்தானில் இந்திய ஓட்ட வீரர் அவினாஷ் சாப்ளே ஒரு மணி முப்பது விநாடியில் முடித்ததையும் சொல்வார். சராசரிக் கணக்குப்படி சாப்ளே கோட்டைத் தாண்டும் நேரத்தில் சார் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார் என்பதைச் சொல்ல மாட்டார். சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர் என்பது, வீட்டில் சண்டை வரும்போது மட்டும் எடுத்துவிடும் பிரம்மாஸ்திரம். “அவருக்கு அரிசி வாங்குற வேலை இல்லைங்க” என்று மனைவி அதை ஊதி அணைத்துவிடுவார்.

டீக்கடையில் ஒரு நாள் இருபத்தொன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது ஏழு ஐந்து என்று ஆரம்பித்தார். அது என்ன சில்லறைக் கணக்கு, முழுசாக இருபதோ இருபத்தொன்றோ வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள், அப்படி வந்த தூரம் 42.195 கிலோமீட்டர், 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள், அதில் பாதிதான் இது என்று பொறுமையாக விளக்கினார். மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தி, “ராஜா நாலு நாற்காலி இந்தப் பக்கம் தள்ளி உட்காந்திருந்தா உங்களுக்கு ரெண்டு மணி எப்பவோ வந்திருக்கும்ல சார்” என்றார். அன்று முழுவதும் சார் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் மேல் கோபமாக இருந்தார்.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில். பிரளயகாலேஸ்வரர் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டு, விருத்தாசலம் சாலையைப் பிடிப்பார். கரும்பு வெட்டும் பருவமென்றால் முன்னால் போகும் டிராக்டரின் தோகை முகத்தில் அடிக்கும். சிக்கல் என்னவென்றால், விருத்தாசலம் வந்த பிறகும் அரை மாரத்தானுக்குத் தூரம் மிச்சம் இருக்கும். மிச்சத்தை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி அடைப்பார். வியர்வை சொட்ட ஒருவர் ஒவ்வொரு பஸ்ஸாகக் கடந்து ஓடினால் கண்டக்டர் மனசு கேட்குமா? “ஏறுங்க சார், சில்லறை அப்புறம் பாத்துக்கலாம்!” நின்று பதில் சொன்னால் வாட்சில் விநாடி ஓடும். கையை மட்டும் ஆட்டுவார். அதைக் காசில்லை என்று புரிந்துகொண்டு, ஒரு பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்ததும் உண்டு.

வழியில் தண்ணீர் கொடுக்க மனைவி ஸ்கூட்டியில் வர வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். கலிக்கம்ப நாயனார் அவதரித்த ஊர் இது. அடியாராக வந்த பழைய வேலைக்காரனின் காலைக் கழுவும்போது தண்ணீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையையே வெட்டியவர் அவர். பெண்ணாடத்துப் பெண்களுக்கு அந்தக் கதை சின்ன வயசிலேயே தெரியும். “கையை வெட்டினாலும் சரி, அஞ்சு மணிக்கு முன்னாடி நான் எழுந்திரிக்க மாட்டேன்” என்று அந்த அம்மாள் புரண்டு படுத்துக்கொண்டார். திட்டம் அதோடு முடிந்தது.

போன ஜனவரியில் சென்னை மாரத்தான். கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினார். விலையில் ஒரு சைபரைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டில் சொன்னார். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறி மாமியார் வீட்டில் இறங்கி, கார்போ லோடிங் என்று அறிவித்தார். அரிசிச் சோற்றைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் மாமியார் நிம்மதியாக மூன்றாம் முறை பரிமாறினார். மறுநாள் விடிவதற்குள் அதன் விளைவுகள் தெரிந்தன. தற்காலிகக் கழிப்பறை முன்னால் நின்ற வரிசை, ஓட்டத்தைவிடக் கடுமையான போட்டி என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

பட்டறைச் சூளையில் அவர் தகராறு செய்வது ஒரே விஷயத்துக்குத்தான். நெருப்பை அவசரமாக ஏற்றாதே, மெதுவாக ஏற்று, இல்லாவிட்டால் சரக்கு வெடித்துவிடும் என்று ஆட்களைப் பிராணன் போகக் கத்துவார். அதே மனிதர் கொடி அசைந்ததும் முதல் கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடினார். இரண்டு மணி என்று எழுதிய கொடியோடு, அந்த நேரத்தில் முடிக்கவென்றே நிதானமாக வந்த பேசரை ஏளனமாகத் தாண்டிப் போனார். கடற்கரைக் காற்றின் புழுக்கத்தில் பதினாறாவது கிலோமீட்டரில் சரக்கு வெடித்தது. கொடி அவரைத் தாண்டிப் போனது. பேசர் சிரித்த முகமாக “கம் ஆன் அங்கிள்” என்றாராம். நேரத்தை மன்னித்தாலும் அந்த அங்கிளை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சான்றிதழில் இரண்டு மணி, நாற்பது விநாடி. பழைய நேரத்தைவிட இரண்டரை நிமிடத்துக்கு மேல் குறைவு. சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் வாட்சில் 21.34 கிலோமீட்டர் காட்டியது. கூடுதலாக ஓடவிட்டு ஏமாற்றிவிட்டார்கள், சரியான தூரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி ஐம்பத்தொன்பதுதான் என்று ரயில் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். பாதையை வளைவுகளின் உள்ளோரமாக, மிகக் குறுகிய கோட்டில், அளவு சரிபார்த்த சைக்கிளால் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைப்பார்கள். இவர் தண்ணீர் மேஜைக்கும், போட்டோ எடுப்பவருக்கும், நிழலுக்கும் குறுக்கே குறுக்கே ஓடினால் வாட்ச் என்ன செய்யும்? ஆனால் இந்த விஷயத்தில் அவருடைய நட்பு முக்கியம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மெடலைப் பட்டறைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டே போனார். முப்பது வருஷமாகப் பளபளப்புப் பூச்சு போடும் மேஸ்திரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் சுரண்டினார். “பூச்சு சரியில்ல முதலாளி. ஓரத்துல வெடிப்பு விட்டிருக்கு. நம்ம சூளையில பீங்கான்லயே போட்டா இதவிட நல்லா வரும்.”

சார் கண்ணில் ஒரு வெளிச்சம். பெண்ணாடம் அரை மாரத்தான்! கோயில் வாசலில் ஆரம்பம், முடித்தவர்களுக்கெல்லாம் பீங்கான் மெடல், தூரத்தைத் தானே சைக்கிளில் அளந்துவிடலாம். அன்றைக்கே நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார்கள்.

“எத்தனை மணிக்குன்னு போடட்டும் முதலாளி?”

“அஞ்சரைன்னு போடு. ஆறே காலுக்கு விட்டுக்கலாம்.”