இரண்டாவது கருத்து கேட்பது எப்படி?

சுந்தரபாண்டியபுரத்துக் குடும்பத் தலைவர்களே, புதிதாக எதையும் பழக வேண்டாம். செய்துவருவதை ஒழுங்காகச் செய்தால் போதும்.

1. வீட்டம்மா மார்பில் கட்டி என்றால், "வலிக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் தோட்டத்துக்குக் கிளம்புங்கள். தொடக்கத்தில் மார்பகப் புற்று பெரும்பாலும் வலிக்காது என்பதெல்லாம் டாக்டர்களின் கவலை.

2. தென்காசியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும் என்பார்கள். எழுந்து வந்துவிடுங்கள். ஊசி பட்டால் பரவும் என்று டீக்கடையில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

3. கருத்து கேட்கச் சரியான காலம் குற்றால சீசன். அருவியில் குளிக்க வந்த சொந்தபந்தம் வீடு நிறைய இருக்கும். 'ரோஜா' படம் எடுத்த தெருவைக் காட்டுங்கள், சூரியகாந்தி வயலில் படம் பிடியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டை நடுவில் போடுங்கள். மதுரைச் சித்தப்பா முள்சீத்தா இலை என்பார். கோவில்பட்டி அத்தான் ஆறு மாதம் பால் இல்லாமல் இருக்கச் சொல்வார். சென்னை மைத்துனர் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி தலையாட்டுவார். எல்லோரையும் கேளுங்கள். வீட்டம்மாவை மட்டும் அடுப்படிக்கு அனுப்புங்கள். இத்தனை பேருக்கும் காபி யார் போடுவது?

4. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு டாக்டர்கள் கூடிப் பேசி எது முதலில் என்று முடிவுசெய்யும் ஆஸ்பத்திரி வேண்டாம். நாளைக்கே வெட்டி எடுக்கிறேன் என்பவரிடம் போங்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னால், "அதான் எடுத்தாச்சே!" என்றுவிடுங்கள்.

5. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவிலேயே இருக்கட்டும். பக்கத்துத் தட்டில் அவள் நகை இருக்கிறது, அதை எடுங்கள்.

6. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். செங்கோட்டை மலை தாண்டினால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம், 1981-இல் தொடங்கியது. பொதிகை ரயிலில் படுத்தால் விடியும்போது சென்னை. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் அங்கேதான். இத்தனை வருஷம் இருந்தவை எங்கே ஓடிவிடப் போகின்றன? சீசன் முடியட்டும், தீபாவளி வரட்டும், பெரியவள் கல்யாணமும் முடியட்டும்.

7. ஒருவழியாகக் கிளம்பினால் கையை வீசிக்கொண்டு போங்கள். தப்பித்தவறிச் சோதனை நடந்திருந்தால், சதையை மெழுகில் பதித்த பிளாக்கும் ஸ்லைடும் முதல் ஆஸ்பத்திரியில் கேட்டால் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் அவற்றை மறுபடி பார்த்துச் சிலருக்கு நோயின் வகையையே மாற்றிச் சொல்கிறார்கள், மருந்தும் மாறுகிறது. ஆனால் கேட்டால் முதல் டாக்டர் மனசு நோகுமே! அவர் மனசுதான் முக்கியம்.

8. அங்கே, "எத்தனை நாளா இருக்கு?" என்று வீட்டம்மாவிடம்தான் கேட்பார்கள். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: "ஒரு வாரமாத்தான் டாக்டர்."