வழிமொழிபவர் யார்?

பாப்டிஸ்ட் சபையில் பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும். 1812இல் ஜேம்ஸ் சேட்டர் கொழும்புக்கு வந்து தொடங்கிவைத்ததிலிருந்து இதுதான் நம் பெருமை. ஆகவே, யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானங்களை நிறைவேற்றுவதற்கென்றே சபைகளாகச் சேர்ந்து கூடுகிறோம்.

இம்முறை கூட்டத்துக்குக் கலஹாவில் முதல் பஸ் பிடித்துப் போனேன். போன கூட்டத்தின் அறிக்கையில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. காலை முழுக்க அதற்கே. முழுக்கு ஞானஸ்நானத்தில் எல்லாரும் ஒருமனம், தொட்டிக்கு எந்த நிற டைல்ஸ் என்பதில்தான் பிளவு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துர எங்கள் பக்கத்து மலை. இடைவேளையில் எனக்குக் கிடைத்தது பாக்கெட் காப்பி.

தோட்ட ஊழியம் கடைசி விஷயம். அதற்குள் சோற்று வாசனை வந்துவிட்டது.

"பாஸ்டர், அறிக்கை வேணாம். சுருக்கமா ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றார் தலைவர்.

பண்ணினேன். லயத்துக் கூரை ஒழுகுவது, ஞாயிறு பள்ளிக்கு வாங்கு இல்லாதது, என் அறிக்கையின் நாலு பக்கத்தையும் கர்த்தரிடமே ஒப்புவித்தேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்ததால் ஒருவராலும் கைக்கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆமென் சொன்னதும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்:

"தலைவர் அவர்களே, இதை வழிமொழிவது யார்?"