ஃபர்ஸ்ட் லுக் இயக்குநர்

பாட்டு இன்னும் எழுதியாகவில்லை; ஃபர்ஸ்ட் லுக் வந்துவிட்டது. முதலில் ‘நாளை ஓர் அறிவிப்பு’ என்று ஓர் அறிவிப்பு. மறுநாள் அந்த அறிவிப்பு. பிறகு டைட்டில் லுக், செகண்ட் லுக், கதாநாயகியின் பிறந்தநாளுக்கு ஒன்று, ஆடிப்பெருக்குக்கு ஒன்று, மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், டீசர், ‘இன்னும் மூன்றே நாட்களில்’, ‘இன்னும் இரண்டே நாட்களில்’, கடைசியில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ தள்ளிவைப்பு. இருப்பதிலேயே மிக அழகாக வடிவமைக்கப்பட்ட போஸ்டர் அந்தத் தள்ளிவைப்புப் போஸ்டர்தான். அதிலும் ‘எழுத்து, இயக்கம்’ என்று தன் பெயரைப் போட இயக்குநர் மறப்பதில்லை. எழுத்து என்று அவர் எழுதியது அந்தத் தேதியை மட்டும்தான், அதையும் மாற்றிவிட்டார். ஆகவே கல்லூரி ஆல்பம் சாங் இயக்குநர் திட்டமிடத் தெரியாதவர் என்று சொல்வது அபாண்டம். அவர் நன்றாகவே திட்டமிடுகிறார், அறிவிப்பை. பாட்டு அதில் மிஞ்சுகிற பண்டம்.

பெரிய படக் கம்பெனிகளும் இதைத்தானே செய்கின்றன என்று அவர் தரப்பில் கேட்கலாம். செய்கின்றன. அங்கே போஸ்டருக்குப் பின்னால் விநியோகஸ்தர், தியேட்டர், வட்டிக்கு வாங்கிய பணம் எல்லாம் இருக்கின்றன; கூவி விற்றால்தான் பிழைப்பு. இவர் பாட்டுக்கு வட்டி கேட்டு வாசலில் நிற்பவர் யாருமில்லை. சரி, காசில்லாத மாணவர், அவரால் வேறென்ன முடியும் என்றால், குறைவது காசு போட்டு வாங்கும் பொருளே அல்ல. எந்த வரிக்கு எந்த ஷாட், எந்த இடம், யார் வர வேண்டும் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ வீடியோவில் என்ன இருந்தது? ஓர் ஒலிப்பதிவுக் கூடம், மைக், ஹெட்போன் மாட்டிய நாலைந்து பேர். தனுஷும் அனிருத்தும் இருந்தால் நாங்களும் எடுப்போம் என்பது நியாயமான பதில்தான். ஆனால் அங்கே முதலில் பாட்டு இருந்தது.

நோட்டு இல்லாததன் பலன் படப்பிடிப்பு நாளில் தெரியும். விடியலுக்குக் கொல்லிமலை, மதியம் நாமக்கல் கோட்டை, சாயங்காலம் மேட்டூர் அணை என்பது அவர் வாயாலேயே போட்டு வைத்திருக்கும் அட்டவணை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் இறங்கிய கதாநாயகனுக்கு அதற்கப்புறம் காதல் முகபாவம் வராது, எலுமிச்சம்பழம்தான் வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது அடிவாரத்தில் போர்டைப் பார்த்த பிறகே நினைவுக்கு வரும். ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமானால், ஸ்பீக்கரில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேமராவில் நொடிக்கு 50 ஃபிரேம் எடுத்து, எடிட்டில் 25 ஆக இறக்க வேண்டும். அந்த இரட்டை வேகப் பிரதியை யாரும் செய்து கொண்டு வந்திருக்கமாட்டார்கள். “பாத்துக்கலாம் மச்சி, எடிட்ல சரி பண்ணிக்கலாம்.” சரியாவதில்லை. நம் பக்கத்து மாணவர் ஆல்பங்களில் கதாநாயகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டே தூரமாக நடந்து போவதைக் கவித்துவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்க் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதெல்லாம் சேலத்தில் நடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அந்த ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் அங்கிருந்து ஏராளமான படங்களைக் கொடுத்தார்; 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கட்டுப்பாட்டுக்கும் நேரத்துக்கும் பேர்போன முதலாளி அவர். நம் இயக்குநரும் அந்த வளைவைத் தேடி வருவார், அதன் முன்னால் கைகட்டி நின்று ஒரு போஸ்டர் எடுக்க.

ஆனாலும் அவரை முழுசாக வெறுக்க முடிவதில்லை. பொழுது சாய்ந்ததும் பையில் மிச்சமிருந்த காசுக்கெல்லாம் தட்டுவடை செட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தனக்கில்லாமல் நிற்பவரும் அவர்தான். அதற்காக ஒன்றை மன்னித்துவிட முடியாது. நாள் முழுக்க வெயிலில் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து, கதாநாயகியின் முகத்துக்கு வெளிச்சம் திருப்பிக்கொண்டு நின்றானே, அந்த முதலாமாண்டுப் பையன்? அவனுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், வாங்கவில்லை. வருகைப் பதிவில் 75 சதவீதத்துக்கு அவன் இப்போது அலைகிறான். நன்றிப் பட்டியலில் கேமரா வாடகைக் கடை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, அவன் பெயர் இல்லை. தம்பி, அடுத்த போஸ்டரை நிறுத்திவையுங்கள். முதலில் எச்.ஓ.டி. அறைக்குப் போய் அந்தக் கையெழுத்தை வாங்கி வாருங்கள்.