முடிஞ்சிருச்சு அண்ணாச்சி: செயலித் தேர்வும் காலவழுவமைதியும்

சிறுதொழில் நடத்துவோர் வேலைகளைக் கண்காணிக்க எந்தச் செயலியை வாங்கலாம் என்னும் கேள்வி, விலை, வசதி, நிறம் ஆகிய மூன்றை வைத்தே இதுகாறும் அலசப்பட்டு வந்துள்ளது. இலக்கணப் பயிற்சி இல்லாதார் செய்த பிழை இது. விலை பற்றி ஒரு வரி போதும்: ட்ரெல்லோ செயலியில் இலவசம் என்பது பத்துப் பேர் வரைக்கும்தான். நிறம் பற்றி அந்த ஒரு வரியும் வேண்டியதில்லை. சிக்கல் வேற்றுமையில் இல்லை, புணர்ச்சியில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

2011-இல் வெளிவந்த ட்ரெல்லோவைத் திறந்தால் செய்யவேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது என்று மூன்று பத்திகள். தொல்காப்பிய வினையியலும் காலம் மூன்று என்றே சொல்கிறது. ஆகவே ட்ரெல்லோவைக் கண்டவர் தொல்காப்பியரே என்று நிறுவ இன்னும் ஒரு கருத்தரங்கும் அதற்கான மதிய உணவும் போதும். அணுவும் ஆகாய விமானமும் அப்படித்தானே நம் கைக்கு வந்து சேர்ந்தன. வேலைக்கு ஓர் அட்டை எழுதிப் பத்திக்குப் பத்தி நகர்த்தும் இந்த முறை டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய கான்பனிலிருந்து வந்ததல்லவா, அந்தச் சொல்லே ஜப்பானிய மொழியில் பலகையைக் குறிப்பதல்லவா என்று கேட்பார் உளர். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓனோவுக்குக் காலவழுவமைதி தெரியாது, நம் ஆட்களுக்குத் தெரியும். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

காலம் மாறிச் சொல்வது வழுவாயினும் நான்கு இடங்களில் அமையும் என்று நன்னூல் இசைவு தருகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சிவகாசியில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்க. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் வந்து விழத் தொடங்கும். இயல்பை இங்கே விட்டுவிடலாம். மிகுதிக்கு, திருடர் மலிந்த காட்டுக்குள் போகிறவனை இப்போதே துணி பறிகொடுத்தவனாகச் சொல்லலாம் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். கார்த்திகை பிறந்தபின் ஆர்டர் கொடுக்க வருகிறவரைப் பார்த்து டிசைனர் “போச்சு” என்பது இதன்பாற்படும். தெளிவுக்கு, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை பெய்தாயிற்று என்பார்கள். பிளேட் வந்திறங்கியதும் காலண்டரே வந்துவிட்டதாகப் பார்ட்டிக்குப் போன் போவது அவ்வகை. விரைவுதான் கடல். இலையில் சோறே விழாதவன், வாசலில் நின்று அவசரப்படுத்துகிறவனுக்கு உண்டேன், வந்தேன் என்று பதில் சொல்வதைத் தொல்காப்பிய உரைகள் வழு என்று தள்ளாமல் ஏற்றுக்கொள்கின்றன. அதே உரிமையில்தான், மெஷினில் தாளே ஏற்றாதவர் “முடிஞ்சிருச்சு அண்ணாச்சி” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இலக்கணப்படி பேசுகிறார். அச்சகச் சுவரில் சீட்டுகள் குத்தித் தொங்கும் கம்பியில் கீழிருந்து பதினேழாவது சீட்டு இதற்குச் சான்று: “பில் புக் 20, நாளை ரெடி” என்று ஒரு பாடம், “நாலே ரெடி” என்று இன்னொரு பாடம். டீ கிளாஸ் வைத்த வட்டம் சரியாக அந்த எழுத்தின் மேலேயே விழுந்திருப்பதால் மூலபாடம் சிதைந்துள்ளது. நாளை என்பார் ஒருசாரார். இருபதில் நாலே முடிந்தது என்பார் மற்றொரு சாரார். வட்டத்தின் ஈரத்தை வைத்துச் சீட்டின் காலத்தைக் கணிக்கலாம் என்பார் மூன்றாம் சாரார். இப்படிப்பட்ட இடத்தில் பாடபேதத்துக்கு நாற்பது பக்கமும் மூலத்துக்கு நாலு வரியும் ஒதுக்குவதே பதிப்பு மரபு. பில் புக் இன்னும் கட்டிங்குக்கே போகவில்லை என்பது அடிக்குறிப்பில் வரும்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது செயலி எதற்கு என்பது அடுத்த தடை. 2014-இல் வந்த நீல டிக், பார்த்தார் என்பதை மட்டுமே காட்டும். இலக்கணத்தில் அது “பார்த்து” என்னும் வினையெச்சம். பார்த்து என்ன செய்தார் என்ற முற்று அங்கே இல்லை. அடியில் வரும் கட்டைவிரல் படமும் அப்படித்தான். சரி என்பதா, ஆகட்டும் என்பதா, தொந்தரவு செய்யாதே என்பதா என்று உரை இல்லாமல் பொருள் கொள்ள முடியாது. செயலி நேரத்துக்கு நினைவூட்டுமே என்றால், நினைவூட்டலை நிறுத்தும் டிக்கைப் போடுபவரும் வேலையைச் செய்பவரும் ஒருவரே. முடிஞ்சிருச்சு என்று ஏற்கெனவே சொன்னவருக்கு டிக் போடவா வராது?

ஆகவே தேர்வுக்கு ஒரே உரைகல்: முடிந்தது என்ற பத்திக்கு அட்டையை நகர்த்தும் உரிமையை, செய்தவரிடமிருந்து பிடுங்கி, அந்த வேலையை அடுத்துக் கையில் வாங்குகிறவரிடம் கொடுக்க முடியுமா? கான்பனிலும் பின்னால் இருப்பவர் வந்து எடுப்பதுதான் முறை, முன்னால் இருப்பவர் தள்ளிவிடுவதல்ல. ஓனோவுக்கு இலக்கணம் தெரியாது என்று மேலே சொன்னதை இவ்வளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். கட்டிங்காரர் அச்சான தாளின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். விரலில் மை ஒட்டவில்லை என்றால்தான் அச்சடிப்பு முடிந்தது. அந்தக் கட்டைவிரலுக்கு உரை தேவையில்லை. உரிமையை இப்படி மாற்றிக் கொடுக்க வழியில்லாத செயலி எத்தனை விருது வாங்கியிருந்தாலும் கம்பியே மேல்; பில் போடும்வரை சீட்டை யாரும் உருவ மாட்டார்கள். வழியுள்ளதை வாங்குவோரும் தகவல்களை வெளியே எடுத்துவைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்த்து வாங்குக. பலர் நம்பிய வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி 2020-இல் மூடியது. அந்த ஒரு செயலி மட்டும் முடிந்தது என்று சொன்னபோது உண்மையிலேயே முடிந்திருந்தது.

ஏனைய செயலிகளைத் தனித்தனியே ஆராயும் இரண்டாம் தொகுதி எழுதி முடித்தாயிற்று. அச்சில் இருக்கிறது.