காடோ, வீடோ?

வா மருமகனே, உட்கார். கையில் என்ன, மறுபடியும் நர்சரிக்காரன் பையா? போன மாதம் வைத்த மிளகாய்ச் செடிக்கு இன்னும் கருமாதியே முடியவில்லை, அதற்குள் ரோஜாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாயா? சரி, அதை அந்த வாசல் படியில் வை. மாமி தேத்தண்ணி போடுகிறாள். குடித்துக்கொண்டே உன் ஒப்பாரியைச் சொல்.

வெயில் விழவில்லை, அதுதானே? தெரியும். பின்வீட்டுக்காரன் மாடி எழுப்பிய நாளிலிருந்து உன் வீட்டுப் பின்பக்கத்துக்கு வெயில் வருவது, அந்தக் காலத்தில் லயத்துக்குத் துரை வந்த மாதிரி. பதினொரு மணிக்குத் தலையைக் காட்டும், பதினொன்றே காலுக்குக் கிளம்பிவிடும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் உனக்கு மிளகாய் காய்க்க வேண்டும், தக்காளி பழுக்க வேண்டும், ரோஜா பூக்க வேண்டும். உன் முயற்சியில் குறையே இல்லை. மூன்று வகை உரம் வாங்கினாய். யூடியூப் பார்த்து முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாய். கடைசியில் ஊதா விளக்கு ஒன்று வரவழைத்து இரவெல்லாம் எரியவிட்டாயே, ரோந்து வரும் போலீஸ்காரர் அதைப் பார்த்து நீ வேறு ஏதோ செடி வளர்ப்பதாக நினைக்காமல் இருந்தால் போதும்.

சிரம்பானில் தாமான் வீடு வாங்கியதும் நீ எங்கே பிறந்தாய் என்பது மறந்துபோய்விட்டது. லயத்தில் பிறந்தவன் நீ. சுற்றிலும் பால்மரம். பெரட்டுக் களத்தை விட்டு இறங்கினால் அடுத்த தோட்டம் வரை நிழல்தான். அந்த நிழலில் வளர்ந்த ஒரு செடியாவது வெயில் வேண்டும் என்று கிராணியிடம் மனுக் கொடுத்ததா? ஆற்றோரம் வால் சுருட்டிக்கொண்டு பெரணிக் கொழுந்து நிற்கும். மலாய்க்காரர்கள் பூச்சோக் பாக்கு என்பார்கள். காணோரத்தில், பச்சைப் பளபளப்பாக, வெற்றிலை மாதிரியே ஒன்று படர்ந்து கிடக்கும். அதுதான் டாவுன் காடோக். வெற்றிலை போல ஒன்று, பாக்கு என்ற பெயரில் ஒன்று, தாம்பூலத்துக்குச் சுண்ணாம்புதான் குறை.

அந்தக் காடோக்கை வைக்கச் சொல்கிறேன் உன்னை. எழுதும்போது கடைசியில் 'க்' உண்டு, பேசும்போது அது தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். நம் காதில் 'காடோ' என்றுதான் விழும். காடோ, வீடோ என்று சந்தேகத்தோடு நிற்கிற மாதிரி. இரண்டுக்கும் சரிப்பட்டு வருகிற செடிதான் அது. 

இதற்குத் தாவர நூலில் பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டுக் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் போனவர். 1815-ல் மனிதர் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதி வைத்தது 1820-ல் அச்சாகி வந்தது. 'பைப்பர் சார்மென்டோசம்' என்று பெயர். பைப்பர் என்றால் மிளகு சாதி. மிளகு, வெற்றிலை, திப்பிலி எல்லாம் இதற்குப் பங்காளிகள். சார்மென்டோசம் என்றால் ஓடுகொடி விடுவது. பார், லத்தீனில் சொன்னதும் தலையாட்டுகிறாய். இதையே உன் பாட்டி "தரையில ஓடுற கொடிடா" என்றபோது கொட்டாவி விட்டவன்தானே நீ?

பங்காளி என்றதும் ஞாபகம் வருகிறது. உன் அம்மாவுக்கு நிச்சயம் பண்ணிய அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை வீட்டார் லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள், எதிர்பார்த்ததைவிட ஒரு லாரி அதிகம். வெற்றிலை பற்றவில்லை. "ஓடுடா, கங்காணி வீட்டுக் கொடியிலே நாலு கவுளி பறிச்சிட்டு வா" என்று அப்பா விரட்டினார். கங்காணி வீட்டில் நாய் உண்டு. காணோரத்தில் காடோக் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன், நீயே சொல். தட்டில் அடுக்கி, பாக்கு வைத்து, மஞ்சள் வைத்து, பழத்தோடு மாற்றியாயிற்று. உன் அப்பாவைப் பெற்ற பாட்டி ஒரு இலையை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். காரமே ஏறவில்லை. கடைசியில், "இந்தத் தோட்டத்து வெத்தலைக்கு ஒறப்புப் பத்தாது, பொண்ணுக்காவது இருக்கட்டும்" என்றாள். கல்யாணம் நடந்தது. உன் அம்மாவுக்கு உறைப்பு இருந்ததா என்று உன் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நீயும் என்னைப்போல ஏமாறாதே. வெற்றிலை தடித்தது, கொம்பு கண்டால் ஏறும். காடோக் இலை மெல்லியது, மேலே மெழுகு பூசின மாதிரி மின்னும், முழங்கால் உயரத்துக்கு மேல் ஆசைப்படாது. இலைக்கு நடுவே காது குடையும் பஞ்சுக் குச்சி மாதிரி வெள்ளையாக நிமிர்ந்து நிற்பதுதான் பூ. அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

நீ உடனே இதற்கும் ஒரு இரும்புப் பந்தல் வாங்குவாய் என்று தெரியும். வாங்காதே. மலாயில் ஒரு பழமொழி, 'காடோக் நாய்க் ஜுஞ்சோங்'. ஜுஞ்சோங் என்றால் வெற்றிலைக்கு நடும் கொம்பு. காடோக் அதில் ஏறி நின்றுகொண்டு வெற்றிலை வேஷம் போடுகிறதாம். தகுதிக்கு மேல் தலை தூக்குகிறவனைச் சொல்வார்கள். நான் யாரையும் சொல்லவில்லை. மூன்று மாடி வீட்டு விளம்பரப் புத்தகம் உன் காரில் கிடந்ததை நான் பார்க்கவும் இல்லை.

நடுவது பெரிய வித்தை இல்லை. அதுதான் உனக்குக் கஷ்டம். மூன்று நாலு கணு உள்ள தண்டாக வெட்டு. இரண்டு கணு மண்ணுக்குள், மற்றது வெளியே. மக்கின இலை கலந்த மண் போதும். ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் நிற்கக்கூடாது. அவ்வளவுதான், போய்ப் படுத்துத் தூங்கு. கணு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர் விடும். ஒரு தோட்டத்தில் ஆள் குறைத்தால் அடுத்த தோட்டத்தில் அடுப்பு மூட்டின நம் சனம் மாதிரி. ஓரமாக விட்டால் ஆறே மாதத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும், அதனால் ஓட்டைப் பால்வாளியில் வை. நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகும். இரக்கப்பட்டு வெயிலில் தூக்கி வைத்தாயோ, இலை வெளிறிச் சிறுத்துப்போகும். உன் வீட்டுப் பின்பக்கம் அதற்கு அரண்மனை.

வாளிக்கு அடியில் தட்டு வைக்காதே. தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும். கொசுவுக்குப் பின்னால் சுகாதார இலாகாக்காரர் வருவார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-லேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். கீரை தின்ன ஆசைப்பட்டு அபராதம் கட்டிய முதல் ஆள் என்று நம் குடும்பத்துக்குப் பெயர் வேண்டாம்.

தண்டு எங்கே கிடைக்கும் என்கிறாயா? பாசார் மாலத்தில் உலாம் கட்டி விற்கிற மாக்சிக்கைக் கேள். ஒரு கட்டு வாங்கி இலையைத் தின்று தண்டை நடு. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இனாமாகக் கிடைக்கிறதே என்று பிடுங்கிவிடாதே. அங்கே புல்லுக்கு மருந்து அடிப்பார்கள். பாராகுவாட்டை 2020 சனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், வாஸ்தவம். ஆனால் மருந்து என்று இருப்பது அது ஒன்றுதானா? முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு அதை அடித்தவள் உன் அத்தை. அவள் நகத்தைக் கேட்டால் சொல்லும்.

இதைத் தின்றால் என்ன வியாதி குணமாகும் என்று உன் பெண்டாட்டி கேட்பாள். பசி குணமாகும் என்று சொல். எலிக்குக் கொடுத்துச் சர்க்கரையை அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் உண்டு. நீ எலி இல்லை, கணக்கில் வராது. முக்கியமாக அவளுடைய அரைக்கிற இயந்திரத்தை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று சொல். செக்கூர் மானிஸ் இல்லையா, அதுவும் நிழலில் வளர்கிற கீரைதான். நாம் முட்டை போட்டு வதக்கித் தின்று ஒன்றும் ஆகவில்லை. 1995 வாக்கில் தைவானில் உடம்பு இளைக்க அதைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தார்கள். இளைத்தது நுரையீரல். எதையும் கீரை மாதிரித் தின்றால் கீரை, மருந்து மாதிரிக் குடித்தால் ஆஸ்பத்திரி.

காடோக்கை நூல் மாதிரி அரிந்து, வெங்காயம், தேங்காய்ப்பூ, கருவாட்டுத் தூளோடு சோற்றில் பிசைந்தால் அதுதான் நாசி உலாம். பினாங்கு நோன்யாக்கள் ஓத்தாக் ஓத்தாக்கில் மீனுக்கு அடியில் இதைத்தான் போடுகிறார்கள். வியட்நாமில் இறைச்சியைச் சுருட்டிச் சுடுகிறார்கள். மாமி பஜ்ஜி போடுவாள், அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் கெமெஞ்சேயில் மாமான் கீரையை ரெண்டாங் வைத்துப் பேர் வாங்கினார்களே, அந்த மாமான் என்னவென்று தெரியுமா? நம் ஊர் நல்வேளை. இங்கே அதைத் தேடிப் பிடித்துச் சமைக்கிறார்கள், நம்மவன் களை என்று பிடுங்கிப் போடுகிறான்.

தேத்தண்ணி ஆறுகிறது, குடி. சனிக்கிழமை நானே தண்டு வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்த ஊதா விளக்கைக் கழற்றி வை, இனி உனக்கு எதற்கு? என் கோழிக்கூட்டில் வெளிச்சம் பற்றவில்லை. ரோஜாவையும் திரும்பத் தூக்கிக்கொண்டு அலையாதே, படியிலேயே இருக்கட்டும். என் வாசலில் நாள் முழுக்க வெயில். எவ்வளவு கொடுத்தாய், முப்பது வெள்ளியா? பரவாயில்லை, மாமிக்கு மஞ்சள் ரோஜாதான் பிடிக்கும்.