நாடாப் பிரமாண விசாரம்

ஒரகடம் ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்தனுப்பும் குன்றத்தூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில், டேப்பை இன்னும் கைவிடாத கணினி அறைகளில், நள்ளிரவில் மனித சகாயமின்றி சர்வர்களின் தரவெல்லாம் நாடாவில் ஏறிவிட்டதாக விடியற்காலையில் மின்னஞ்சல் வருவதும், அதன் தலைப்பை மட்டும் கண்ட அன்பர் பரம திருப்தியோடு டீ குடிக்கப் போவதும் நித்திய கர்மங்களாதலின், அவ்வஞ்சல் எவ்வகைப் பிரமாணம் என்று ஆராயப் புகுகின்றோம்.

சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொள்வர். மின்னஞ்சல் உரையளவை, ஆயின் உரைப்பவன் ஆப்தனாயிருத்தல் அவசியம். பேக்கப் மென்பொருளோ தனக்குத் தானே நற்சான்றிதழ் வழங்கும் ஜாதி. சென்ற மாதம் வாங்கிய சர்வர் பட்டியலில் ஏறவே இல்லையெனினும், பட்டியலில் உள்ளவை ஏறிவிட்டமையால் 'சக்சஸ்' என்றே எழுதும். அது பொய்யும் அன்று. தோல்வி அஞ்சல் வாராமையும் நற்சான்றாகாது: 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தார் தம் தரவுத்தளத்தைக் கைதவறி அழித்தபோது, காப்பு ஏற்பாடு ஐந்திருந்தும் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. பேக்கப் தோற்றதென்று அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களே போய்ச் சேராதிருந்தன என்பது பின்னர்த் தெரிந்தது.

டேப் டிரைவின் பச்சை விளக்கைக் கண்டு தெளிவது கருதல். எல்டிஓ டிரைவில் எழுதும் தலையை அடுத்தே படிக்கும் தலை சென்று, பதிந்ததை அக்கணமே சோதிக்கிறது. எனினும் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கையில் அரைகுறையாய் எடுத்த கோப்பையும் அது அப்பழுக்கின்றிப் பதிந்து வைக்கும்.

காண்டலாவது, டேப்பை வேறோர் இயந்திரத்தில் ரீஸ்டோர் செய்து, சென்ற வாரத்து இன்வாய்ஸ் ஒன்றைத் திறந்து பார்த்தல். இதைச் செய்வார் அரியர்.

இக்குறை புதிதன்று. குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெரியபுராணம் பாடிய அதே தில்லையில், அவருக்கு முன்னமே, மூவர் தேவார ஏடுகள் ஓர் அறையில் முத்திரையிடப்பட்டுக் கிடந்தனவென்றும், மூவரே வந்தாலன்றித் திறவோம் என்று தில்லைவாழந்தணர் மறுக்க, சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறப்பித்தானென்றும், உள்ளே புற்று மூடியிருக்கக் கண்டு எண்ணெய் சொரிந்து எடுத்தபோது எஞ்சியது சொற்பமே என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். முத்திரை என்னவோ பழுதின்றியே இருந்தது! இடைப்பட்ட காலத்தில் ரீஸ்டோர் செய்து பார்த்தார் எவருமிலர். இக்காலத்துக்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என்று அசரீரி எழுந்து மன்னனைத் தேற்றியதாம். டேப் அலமாரியிலிருந்து அத்தகைய அசரீரி எழுந்ததாகக் குன்றத்தூர் வட்டாரத்தில் இதுகாறும் செய்தியில்லை. எழுந்தாலும், ஜிஎஸ்டி தணிக்கையாளர் அதை உரையளவையாக ஏற்பது சந்தேகமே.