முனியப்பருக்கு ஓ.டி.பி. கிடையாது

கூட்டம் போடப் போறீங்களாமே தம்பிங்களா. ‘அரசுச் சேவைகளில் சமூக ஊடகமும் இணையத் தொழில்நுட்பமும்.’ தலைப்பப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு வாய் வெத்தல மென்னு துப்பிட்டேன். இருக்கட்டும், நல்ல காரியந்தான். விருத்தாசலத்துல கூட்டம் கூடுச்சின்னா ஒண்ணு எலெக்சனா இருக்கும், இல்லாட்டி மாசிமகமா இருக்கும். கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு கூடட்டும். பீங்கான் பேட்டையில காலத்த ஓட்டுன இந்தக் கெழவன்கிட்ட எதுக்கு யோசன கேக்க வந்தீங்கன்னுதான் புரியல. நரைச்ச தலை ஒண்ணு மேடையில இருந்தா போட்டோ நல்லா வரும்னு யாராச்சும் சொல்லிருப்பான். சரி, போட்டோவுக்கு முன்னாடி யோசனையக் கேட்டுக்குங்க.

நோட்டீசு எங்கடான்னேன். ‘வாட்ஸ்அப்புல போட்டாச்சு தாத்தா’ங்கிறான் ஒரு பய. ரொம்ப சந்தோஷம். செல்லுல பட்டா எடுக்கத் தெரியாம தவிக்கிற சனத்துக்காகக் கூட்டம், அதுக்கு அழைப்பு செல்லுல மட்டும். வரப்போறது யாருன்னு நானே சொல்லிடறேன். இ-சேவை மையம் வச்சிருக்கிற பையன், அவனுக்குப் போட்டியா எதிர்க்கடையில வச்சிருக்கிற பையன், யூடியூப் சேனல் நடத்தற பையன், இவங்களப் படம் புடிக்க இன்னொரு பையன். பென்ஷன் நின்னுபோன கெழவி வரமாட்டா. அவ எந்தக் குரூப்புலயும் இல்ல. ஒரு ஆட்டோவுல கொழாயக் கட்டி பாலக்கரையிலேர்ந்து ஜங்ஷன் வரைக்கும் கத்திட்டு வாங்க. கௌரவக் கொறச்சலா இருந்தா வண்டிக்குள்ள குனிஞ்சி உக்காந்துக்குங்க.

அடுத்தது மேடை. இங்கிலாந்துல 2008-லேர்ந்து இதே சங்கதிக்குன்னே ஒரு கூட்டம் கூடுது. கவ்கேம்ப்னு பேரு. அரசாங்க உத்தியோகஸ்தன், வெப்சைட்டு செய்யறவன், சும்மா ஆர்வத்துக்கு வர்றவன் எல்லாரும் ஒண்ணா உக்காருவானுவ. தலைமையுரை கெடையாது, வாழ்த்துரை கெடையாது. காலையில வந்தவன் எதப் பத்திப் பேசணுமோ அத ஒரு காயிதத்துல எழுதிச் செவுத்துல ஒட்டுவான். எந்த அறையில எத்தன மணிக்குன்னு அங்கயே முடிவாவும். பேச்சுல சரக்கு இல்லன்னா எழுந்து அடுத்த அறைக்குப் போயிடலாம். யாரும் கோவிச்சுக்கமாட்டான், அங்க அதுதான் சட்டமே. நம்ம பக்கமும் இந்தச் சாயல்ல நடந்தது உண்டு. 2007 ஆகஸ்டு 5-ம் தேதி சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்துல தமிழ் வலைப்பதிவருங்க ஒரு பட்டறை போட்டாங்க. தெரிஞ்சவன் தெரியாதவன் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தான்.

நம்மூர்ல முடியுமா? மேடை இல்லன்னா சால்வைய எங்க வச்சுப் போத்தறது? பேச்சு புடிக்கலன்னு எழுந்து போனா, ‘அவன் அந்த ஆளு’ன்னு மூணு தலைமுறைக்குப் பேசுவானுவ. இருந்தாலும் ஒரு மத்தியானத்துக்காவது முயற்சி பண்ணிப் பாருங்க. சால்வக் காசுல டீயும் வடையும் வாங்கலாம்.

லண்டன் கத எதுக்குன்னு மூஞ்சியச் சுளிக்காதீங்க, பக்கத்துல புதுச்சேரிக்கு வாங்க. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல அங்க கிராமத்துக்குக் கிராமம் தகவல் மையம் வச்சிது. வில்லியனூர்லேர்ந்து மத்த ஊருங்களுக்குச் சேதி போவும். எம்பலத்துல அந்தக் கம்ப்யூட்டர் இருந்த எடம் எது தெரியுமா? கோயிலு. வீராம்பட்டினத்துல இன்னும் வேடிக்க. அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்டுல அலை எத்தன உசரம் வரும்னு போட்டிருப்பான். அத எடுத்து, தமிழாக்கி, கடக்கரையில ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. வலையப் பழுது பாத்துக்கிட்டே மீனவரு கேப்பாரு. அவரு இன்டர்நெட்டத் தொட்டதே இல்ல. ஆனா இன்டர்நெட்டு அவரு காதுக்கு வந்துது.

2004 டிசம்பர் 26-ம் தேதி, இதே மாதிரி மையம் இருந்த நல்லவாடுங்கற கடலோர ஊர்ல என்ன நடந்துதுன்னா, சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருந்த ஊர்ப் பையன் சுனாமிச் சேதியக் கேட்டுட்டு வூட்டுக்குப் போன் போட்டான். சேதி காதுல விழுந்ததும் ஊர்க்காரங்க தகவல் மையத்தத் தொறந்து, அங்க இருந்த ஒலிபெருக்கியில எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. மூவாயிரம் பேருக்கு மேல இருந்த ஊரு. படகு போச்சு, வூடு போச்சு, உயிரு தப்பிச்சுது. கடல் தாண்டி வந்த போனுக்கும் ஊருக்கும் நடுவுல கடைசிப் பத்தடியக் கடத்துனது ஒரு கொழா மைக்கு. உங்க கூட்டத்துல அந்தப் பத்தடியப் பத்தி யாரு பேசப்போறீங்க? நிரல்ல இல்லியே. ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’தான் இருக்குது, மத்தியானச் சோத்துக்கு முன்னாடி.

இப்ப நம்ம ஊருச் சரக்குக்கு வருவோம். மணவாளநல்லூரு கொளஞ்சியப்பர் கோயிலு உங்களுக்குத் தெரியாததில்ல. கடன் வாங்குனவன் திருப்பித் தரல, மாடு காணாமப் போச்சு, பங்காளி வரப்ப நவுத்திட்டான், எதுவா இருந்தாலும் சனம் அங்க போயி பிராது கட்டும். வெள்ளத் தாள்ல பேரு, ஊரு, கொற, எல்லாத்தையும் கொளஞ்சியப்பருக்கு எழுதணும். ஐயரு அத சாமி பாதத்துல வச்சி, விபூதியோட மடிச்சித் தருவாரு. முனியப்பர் சன்னதியில கொண்டுபோயி கட்டணும். மூணு மாசத்துக்குள்ள நடந்துடும்னு நம்பிக்கை.

நானும் பல நாளா அங்க நின்னு பாத்திருக்கேன். எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதித்தர ஆளு இருக்கு. பாஸ்வேர்டு மறந்துபோச்சேன்னு யாரும் தலையச் சொறியல. ‘சர்வர் பிஸி, நாளைக்கு வா’ன்னு முனியப்பர் சொன்னதா நான் கேள்விப்படல. ஓ.டி.பி. கெடையாது. ‘நீங்கள் ரோபோ இல்லை என உறுதி செய்யுங்கள்’னு போக்குவரத்து விளக்கு இருக்கிற கட்டத்தையெல்லாம் தொடச் சொல்றதும் கெடையாது. வர்றவ மனுசின்னு அவருக்குப் பாத்தாலே தெரியும்.

ஆனா அதெல்லாம் பெரிசில்ல. நீங்க கத்துக்க வேண்டியது கடைசியில இருக்கு. காரியம் நடந்ததும் மனு போட்டவன் திரும்ப வரணும். ‘என் கொற தீந்துது, பிராத வாபஸ் வாங்கிக்கறேன்’னு ராஜினாமா எழுதி வைக்கணும். அதாவது மனுவ முடிச்சு வைக்கிற அதிகாரம் மனுதாரன் கையில. முனியப்பரே நெனச்சாலும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ன்னு அவரா மூட முடியாது.

சர்க்காருக்குப் போடற மனுவுக்கும் காலக்கெடு இருக்கத்தான் இருக்கு. 2025 ஜூலை 15-ம் தேதி இதே மாவட்டத்துல சிதம்பரத்துல தொடங்குனதுதான் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம். நகரத்துக்கு 43 சேவை, கிராமத்துக்கு 46 சேவை, 45 நாள்ல தீர்வுன்னு சொன்னாங்க. டெல்லிக்குப் போற மனுவுக்கு 30 நாள் இருந்தத 2024 ஆகஸ்டுல 21 நாளாக் கொறச்சாங்க. தீர்வுல திருப்தி இல்லன்னா மேல்முறையீடு உண்டு. நம்ம மாநிலத்து மனுவுக்கு 1100-க்குப் போன் அடிச்சா மனு நம்பர் வரும். கொற சொல்ல மாட்டேன். மேசைக்கு மேச நடந்து செருப்பு தேஞ்ச காலத்தப் பாத்தவன் நான்.

ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, தெரு விளக்கு எரியலன்னு ஒரு ஆபீசுக்கு ஆன்லைன்ல எழுதிப் போட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சி ‘குறை சரிசெய்யப்பட்டது, மனு முடிக்கப்பட்டது’ன்னு சேதி வந்துது. வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சாரு. செல்லு வெளிச்சத்துலதான் படிச்சாரு, வேற வெளிச்சம் அங்க இல்ல.

ஆபீசு மூடுன மனு எத்தன, மனுதாரன் ராஜினாமா எழுதுன மனு எத்தன? இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக் கேளுங்க. கேட்டுட்டு, சிறப்பு விருந்தினரு மூஞ்சியப் பாக்காதீங்க, பாவம். மேசையில இருக்கிற பூங்கொத்தப் பாருங்க.

இந்த ஊருக்கு ஆன்லைன் பணப்பட்டுவாடாவே புதுசில்ல தம்பி. சுந்தரரு திருமுதுகுன்றங்கற இதே ஊர்ல 12,000 பொன் வாங்குனாரு. சாமி என்ன சொல்லுச்சு? மணிமுத்தாத்துல போடு, திருவாரூரு கமலாலயக் கொளத்துல எடுத்துக்கோன்னுச்சு. அந்தக் காலத்து ஜிபே. சுந்தரரு லேசுப்பட்ட ஆளா? பொன்னுல ஒரு துண்டு மச்சம் வெட்டி மடியில முடிஞ்சிக்கிட்டுத்தான் ஆத்துல போட்டாரு. அங்க போயி எடுத்தப்ப மாத்து கொறஞ்சிருந்துது. மச்சம் கையில இருந்ததால ஒரச்சிப் பாத்து, பாடி, சரியான பொன்ன வாங்குனாரு. மாத்தச் சரிபாத்துச் சொன்ன பிள்ளையாருக்கே மாற்றுரைத்தவருன்னு பேரு வந்துது. சாமிகிட்டயே ஆதாரம் வச்சிக்கிட்ட ஊருடா இது. இ-சேவை மையத்துல காசக் கட்டிட்டு ‘ரசீது வேணாம்ணே, நம்ம பயதான’ன்னு வர்றியே, நீ சுந்தரர விடப் பெரிய பக்தனா? ஒப்புகைச் சீட்ட வாங்கி அரிசிப் பானையிலயாவது போட்டு வைக்கச் சொல்லி கூட்டத்துல சொல்லுங்க. ஒரு மணி நேரப் பேச்ச விட இது பிரயோசனம்.

பீங்கான் ஊருங்கறதால இன்னொண்ணு. நெய்வேலிச் சுரங்கத்துல நெலக்கரிக்கு மேல கெடந்த வெள்ளக் களிமண்ணுதான் இந்தப் பேட்டைக்குச் சோறு போட்டுது. ப்யூஸ் கட்டை, பொம்மை, கப்பு சாசர்னு எவ்வளவோ செஞ்சோம். களிக்கூழ அச்சுல ஊத்தி, எறுகுனதும் எடுத்து, வெளிம்ப வழிச்சி, ஈரப் பஞ்சால தேச்சித் தேச்சி வழவழப்பாக்குவாங்க பொம்பளைங்க. பொம்ம மட்டுமா வழவழப்பாச்சி? ரேஷன் கடையில விரல வச்சா மிஷினுக்கு ஒண்ணும் தெரியல. கட்ட விரலு, அப்பறம் ஆள்காட்டி, முந்தானையில தொடச்சி மறுபடி கட்ட விரலு, தலையில தடவி எண்ணெப் பச தொட்டு இன்னொரு தடவ. பின்னாடி வரிசையில நிக்கிறவன் ‘சீக்கிரம் ஆயா’ங்கிறான். விரலு விழாதவங்களுக்குக் கண்ணக் காட்டற கருவி, செல்லுக்கு நம்பர் அனுப்பற வழின்னு மாத்து ஏற்பாடெல்லாம் வந்துருக்கு. அது அந்த ஆயாவுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு முந்துன நாளு நீங்க நாலு பேரும் அந்த மிஷினுக்குப் பக்கத்துல ஒரு காலை நேரம் நின்னு பாருங்க. உங்க பவர்பாயிண்டுல பாதி அங்கயே அழிஞ்சிடும்.

சமூக ஊடகத்தப் பத்தி நான் பேசக்கூடாது, எனக்கு அதுல சேதி படிக்கத்தான் தெரியும். ஒண்ணு மட்டும் கவனிச்சேன். 2015 நவம்பர்ல கடலூரு மாவட்டம் வெள்ளத்துல மெதந்துது. டிசம்பர்ல சென்னை முழுவுச்சி. எந்த மாசம் செல்லெல்லாம் விடிய விடியக் கதறுச்சின்னு நீங்களே யோசிங்க. சென்னையில அப்ப பசங்க பண்ணது நல்ல வேலைதான். முழுவுன தெரு எதெதுன்னு சனமே குறிக்கற மாதிரி வரைபடம் போட்டாங்க. செல்லு அதிகம் இருக்கிற எடத்துலதான் சத்தமும் அதிகமா வரும், வேறென்ன. நம்ம தாலுக்காவுல சத்தம் வராத ஊரு எதுன்னு ஒரு படம் போடுங்களேன்.

அப்பறம் கூட்டத்துல என்னதான் செய்யறதுங்கிறீங்களா? ராஜஸ்தான்ல கோட் கிரானான்னு ஒரு ஊரு. 1994 டிசம்பர் 2-ம் தேதி அருணா ராயும் அவங்க சங்கத்து ஆளுங்களும் அங்க சனங்கள உக்கார வச்சி, வேலைக்குக் கூலி கொடுத்ததா எழுதியிருந்த பதிவ ஒவ்வொரு பேராச் சத்தமாப் படிச்சாங்க. வேல செய்யாதவன் பேருல கூலி போயிருந்தது சனத்துக்கு அங்கதான் வெளங்குச்சு. அந்த வழியிலதான் 2005-ல நாடு முழுக்க தகவல் உரிமைச் சட்டம் வந்துது, 2019-ல அந்த மாநிலத்துல ஜன் சூச்னான்னு மனு போடாமயே தகவல் தர்ற தளமும் வந்துது. மாநிலங்கள்ல தகவல் உரிமைச் சட்டத்த மொதல்ல போட்டது நம்ம தமிழ்நாடுதான், 1997-ல. விதிவிலக்கும் தாராளமாப் போட்டுக்கிட்டோம், அது வேற கத.

நீங்களும் அதே மாதிரி சத்தமாப் படிங்க. இதுக்குன்னு தனி மண்டபங்கூட வேண்டியதில்ல. கிராமத்துல வருசத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. 500 பேரு வரைக்கும் உள்ள ஊருக்கு 50 பேரு வந்தாத்தான் கணக்கு. வராதவன் கையெழுத்த வூட்டுல போயி வாங்கற வித்த சில ஊர்ல உண்டு, அத மட்டும் கத்துக்காதீங்க. டவுனுக்கும் 2022 நவம்பர் 1-லேர்ந்து பகுதி சபை வந்தாச்சு. போன மூணு மாசத்துல ‘முடிக்கப்பட்டது’ன்னு சேதி வந்த மனுவெல்லாத்தையும், போட்டவங்க சம்மதிச்சா, மைக்குல ஒண்ணொண்ணாப் படிங்க. போட்டவன் எழுந்து, ஆச்சு இல்ல ஆவலன்னு ஒத்த வார்த்த சொல்லட்டும். ஆச்சுன்னா கைதட்டுங்க, அந்த உத்தியோகஸ்தருக்கு ஒரு சால்வையப் போத்துங்க. ஆவலன்னா அங்கயே மறுபடி எழுதுங்க, எழுதத் தெரியாதவங்களுக்கு நீங்க எழுதிக்கொடுங்க. அதுக்குத்தான படிச்சிருக்கீங்க.

நான் கண்டிப்பா வர்றேன். ஆனா மொத வரிசையில நாற்காலி போட்டு உக்கார வச்சிடாதீங்க, இடையில எழுந்து போவ முடியாது. மைக்கு அந்தச் செயற்கை நுண்ணறிவுக்காரரு கைக்குப் போற நேரம் எத்தன மணின்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, வெத்தல வாங்கப் போவணும்.